தேன்பாறையில் தண்ணீர் திறந்துவிட்டவர்

தேன்பாறைக்கு இளைப்பாற வருகிறவர்கள் முதல் நாள் தூங்குவார்கள், இரண்டாம் நாள் அழுவார்கள், மூன்றாம் நாள் காலை பத்தரை மணிக்கு, பால் வண்டி கீழே இறங்கிப் போன கையோடு, அவர்களுடைய இறந்தவர்கள் மலையேறி வந்து சேருவார்கள். வண்டியைத் தவறவிட்டுப் பின்னாலேயே நடந்து வந்தவர்கள் போலத்தான் வருவார்கள். செருப்பில் செம்மண் இருக்கும், முதுகில் சட்டை நனைந்திருக்கும், பதினேழு கொண்டை ஊசி வளைவையும் காலால் ஏறிய களைப்பு முகத்தில் தெரியும். வந்ததும் செல்லாண்டியின் டீக்கடை பெஞ்சில் உட்கார்ந்து தண்ணீர் கேட்பார்கள். செல்லாண்டி ஊர் பேர் எதுவும் விசாரிக்கமாட்டார். சொம்பை நீட்டிவிட்டு, "பங்களாவுக்குத்தான? இப்படியே நேராப் போங்க, பலாமரத்துக்கிட்ட இடது கைப்பக்கம்" என்பார்.

இது எப்படி நடக்கிறது என்று விசாரிக்க ஒருமுறை பத்திரிகைக்காரர் ஒருவர் வந்தார். அவருக்கு வேண்டியவர்கள் யாரும் இன்னும் சாகவில்லை, அதனால் மூன்றாம் நாளும் அவரைத் தேடி யாரும் வரவில்லை. ஊர் அவருக்கு ஆட்டுக்கறி போட்டு வழியனுப்பி வைத்தது. ஊருக்கு எப்படி, ஏன் என்பதெல்லாம் கவலையில்லை. முதல் வாரம் பயந்தார்கள், பிறகு நடைமுறைச் சிக்கல்கள் வந்தன, சிக்கல் வந்துவிட்டால் பயப்பட யாருக்கு நேரமிருக்கிறது? பங்களாவில் சமைக்கிற வேலுத்தாய் ஆறு விருந்தாளிக்குப் பன்னிரண்டு இலை போடப் பழகினாள். ஒருவருக்கு இரண்டு சாவு என்றால் முன்கூட்டியே சொல்லிவிட வேண்டும் என்று கண்டிப்பாக வைத்துக்கொண்டாள். இறந்தவர்கள் டீ குடித்தால் டீ அப்படியே இருக்கும், சூடு மட்டும் போயிருக்கும். அந்த டீயைச் செல்லாண்டி திரும்பச் சுடவைத்து ஊர்க்காரர்களுக்கே கொடுக்கிறார் என்றொரு பேச்சு உண்டு, குலதெய்வத்தின் மேல் சத்தியம் செய்து அவர் அதை மறுக்கிறார்.

பூசாரி மட்டும் கொஞ்ச நாள் முறைத்துக்கொண்டு, தீட்டு என்று சொல்லிக் கோயிலைச் சாத்தினார். மாதத்துக்கு இரண்டு குழு வருகிற ஊரில் அப்படிச் சாத்தினால் வருஷத்தில் பாதி நாள் அம்மன் இருட்டில் உட்கார வேண்டியதுதான் என்று தெரிந்ததும் ஊர் கூடிப் பேசியது. இவர்கள் நம்மூரில் சாகவில்லை, நம்மூருக்கு வந்திருக்கிறார்கள், ஆகவே விருந்தாளிகள், விருந்தாளிக்கு ஏது தீட்டு என்று முடிவாயிற்று. பூசாரிக்கும் அதில் உள்ளூர நிம்மதிதான்.

இந்தக் குழுக்களைக் கூட்டி வருகிறவர் ஜெசிந்தா. திருச்சியில் இருபத்திரண்டு வருஷம் நர்ஸாக இருந்து, ஆஸ்பத்திரி நாற்காலியில் உட்கார்ந்தபடியே வெறித்துப்போன குடும்பங்களைப் பார்த்துப் பார்த்து, வேலையை விட்டுவிட்டு இதில் இறங்கியவர். ஆறு பேர், ஐந்து நாள், ஒரு வேன். நோட்டீஸில் ஓய்வு, காட்டுப் பாதையில் நடை, விரும்பினால் பேச்சு, விரும்பாவிட்டால் மௌனம் என்று மட்டும் போட்டிருப்பார். மூன்றாம் நாளைப் பற்றி அதில் ஒரு வரி இருக்காது. அதை எழுதினால் ஆறு பேருக்குப் பதில் ஆறாயிரம் பேர் வந்து நிற்பார்கள் என்பது அவருக்குத் தெரியும்.

நான்காம் நாள் சாயங்காலம் எல்லோரையும் உட்கார வைத்து ஒரே ஒரு விஷயத்தைச் சொல்வார். "நாளைக்குக் கிளம்பும்போது யாரும் அவங்கவங்க ஆளுகிட்டச் சொல்லிக்கக் கூடாது. துக்க வீட்டுலேருந்து எப்படிக் கிளம்புவீங்க? சத்தமில்லாம எந்திரிச்சு வருவீங்கல்ல? அப்படியே வந்து வண்டியில ஏறிடுங்க." அப்படி ஏறிவிட்டால், விடப்பட்டவர் கொஞ்ச நேரம் அங்குமிங்கும் பார்ப்பார், காத்திருக்க யாருமில்லை என்று தெரிந்ததும் சோலைக்குள் போகிற ஒற்றையடிப் பாதையில் ஏறி உச்சியைத் தாண்டிப் போய்விடுவார். உச்சிக்கு அந்தப் பக்கம் என்ன இருக்கிறது என்று விறகு பொறுக்கப் போகிறவர்கள்கூடப் பார்த்ததில்லை.

தமயந்தி அந்தப் பேச்சைக் கவனமாகத்தான் கேட்டாள். கரூரில் பெண்கள் பள்ளியில் கணக்கு டீச்சர், ஐம்பத்தாறு வயது, எதையும் கவனமாகக் கேட்கிறவள். அவள் கணவர் ஞானசேகரன் வீடு வீடாகப் போய் கரண்டு மீட்டரில் ரீடிங் எடுக்கிறவர். ஒரு புதன்கிழமை யாரோ ஒருவர் வீட்டு மீட்டர்ப் பெட்டியைத் திறந்து எட்டிப் பார்த்தவர் அப்படியே சரிந்துவிட்டார். மூன்று மாதம் அவள் சோற்றைப் பிசைந்து பிசைந்து வைத்துவிட்டு எழுந்தாள். ஓசூரிலிருந்த மகள் நிறைமதிதான் வற்புறுத்தி அவளை ஜெசிந்தாவின் வேனில் ஏற்றிவிட்டாள். மூன்றாம் நாள் அவர் வந்தார், பலாமரத்தடியில் நின்று கைக்குட்டையால் பிடரியைத் துடைத்தார், இரண்டு நாளும் இருவரும் மிளகுக் கொடிகளுக்கு நடுவே நடந்து, முக்கியமான எதையும் பேசாமல், பக்கத்து வீட்டு நாயைப் பற்றியும் தண்ணீர் வரியைப் பற்றியும் பேசித் தீர்த்தார்கள்.

ஐந்தாம் நாள் காலை வேனின் படியில் ஒரு காலை வைத்தாள். தோளில் பை, கையில் வேலுத்தாய் கட்டிக்கொடுத்த புளிசாதப் பொட்டலம். முப்பது வருஷமாகக் காலை ஏழே முக்காலுக்கு வாசலைத் தாண்டும்போது என்ன செய்தாளோ அதைக் கழுத்து தானாகச் செய்தது. பாதி திரும்பி, "போயிட்டு வரேங்க" என்றாள்.

ஞானசேகரன், "ம், பாத்துப் போ" என்றார்.

டிரைவர் இஞ்சினை நிறுத்திவிட்டார். வேனுக்குள் இருந்த ஐந்து பேரும் மூச்சைப் பிடித்துக்கொண்டிருந்தார்கள். ஜெசிந்தா தமயந்தியின் கையைப் பிடித்து உள்ளே இழுத்து உட்கார வைத்தார். திட்டியிருந்தால்கூடத் தேவலை.

அன்று முழுக்க ஞானசேகரன் பலாமரத்தடியில் நின்றார். மறுநாள் செல்லாண்டி கடை பெஞ்சுக்கு வந்தார். நான்காம் நாள், சும்மா உட்கார முடியவில்லை, ஏதாவது வேலை இருந்தால் கொடுங்கள் என்றார். தேன்பாறைக்குத் தண்ணீர் திறந்துவிடுகிற ஆள் அதற்கு முந்தைய மாதம்தான் மகள் வீட்டோடு இருக்கத் திருப்பூர் போயிருந்தார். ஊர் வேறொன்றும் யோசிக்கவில்லை, மேல் தொட்டியின் சாவியை எடுத்து அவர் கையில் கொடுத்தது. அன்றிலிருந்து காலை ஆறு மணிக்கு வால்வு திறக்கும், ஆறு நாற்பதுக்கு மூடும், மழையானாலும் பனியானாலும் ஒரு நிமிஷம் முன்னே பின்னே கிடையாது. பெண்கள் குடத்தோடு காவல் கிடந்த காலம் போயிற்று. மிச்ச நேரத்தில் வீடு வீடாகப் போய், பல்லி செத்துக் கிடந்த பியூஸ் பெட்டிகளைத் துடைத்தார், யாரும் கேட்காமலே மீட்டர் ரீடிங்கைச் சுவரில் சாக்பீஸால் எழுதி வைத்தார். இந்த மனுஷனைக் கூட்டிப் போக யாரும் வந்துவிடக் கூடாது என்று சில பெண்கள் அம்மனுக்கு வேண்டிக்கொண்டதாகவும் கேள்வி. இதை ஜெசிந்தாவிடம் யாரும் சொல்லவில்லை.

ஆனால் ஊருக்குள் ஒரு உறுத்தல் இருந்தது, அதற்குக் காரணம் பஸ் நிறுத்தத்தில் உட்கார்ந்திருந்த அக்கா. அவளும் மலையேறி வந்த இறந்தவள்தான். ஒன்பது வருஷத்துக்கு முன்னால் அவளுடைய தம்பி அவளிடம் இதே போல் சொல்லிவிட்டுக் கிளம்பினான், திரும்பி வருவதற்குள் அவனும் செத்துப்போனான், அவனைத் துக்கப்பட்டு இங்கே கூட்டி வர ஒரு ஆளும் மிச்சமில்லை. முதலில் அவள் தம்பி பெயரை மறந்தாள், பிறகு தன் பெயரை மறந்தாள், பிறகு யாருக்காகக் காத்திருக்கிறோம் என்பதையே மறந்தாள். எந்த பஸ் வந்தாலும் எழுந்து நிற்பாள், கடைசி ஆள் இறங்கியதும் உட்காருவாள். பள்ளிக்கூடம் விட்டு வரும் பிள்ளைகள் பையை அவள் பக்கத்தில் போட்டுவிட்டு விளையாடப் போவார்கள். அவளை இனி யாராலும் அனுப்பிவைக்க முடியாது. ஞானசேகரனும் ஒருநாள் அந்த பெஞ்சின் மறு முனையில் உட்கார்ந்துவிடுவார் என்பது எல்லோருக்கும் தெரிந்திருந்தது.

ஜெசிந்தா மாதம் தவறாமல் போன் செய்தார். "டீச்சர், ஒரு நடை வந்துட்டுப் போயிடுங்க. வந்துட்டியான்னு ஒரு வார்த்தை கேட்டுட்டு அவர் பாட்டுக்குப் போயிடுவாரு." தமயந்தி ஒவ்வொரு முறையும் வருகிறேன் என்றாள். காலாண்டுப் பரீட்சை வந்தது, பேப்பர் திருத்துவது வந்தது, நிறைமதியின் பிரசவம் வந்தது. சொல்ல வெட்கமாகத்தான் இருக்கிறது, அவள் தேறிவிட்டாள். மாத்திரை இல்லாமல் தூங்கினாள், இரண்டு சுற்றுப் பெருத்தாள், முடியைக் கத்தரித்துக்கொண்டாள், ஸ்கூட்டர் ஓட்டப் பழகினாள், டீச்சர்கள் அறையில் முதல் சிரிப்பு அவளுடையதாக இருந்தது. அவர் எங்கோ ஓரிடத்தில் பத்திரமாக இருக்கிறார் என்ற நினைப்பே அவளுக்குப் பாதி மருந்தாக இருந்தது.

பதினோராவது மாதம் ஒரு காலையில் அவர் படத்துக்குப் பூ வைத்தாள். கை பூ வைத்துக்கொண்டிருந்தது, மனம் ஒன்பதாம் வகுப்புக்கு அன்று நடத்த வேண்டிய வடிவியலில் இருந்தது, கண் காலண்டரில் தேதி பார்ப்பது மாதிரி படத்தைப் பார்த்துவிட்டுத் திரும்பியது. தமயந்திக்குத் தூக்கிவாரிப் போட்டது. அன்றே ஜெசிந்தாவைக் கூப்பிட்டாள். ஆறு பேருக்கான வேனில் ஏழாவது ஆளாக டிரைவர் பக்கத்தில் உட்கார்ந்து மலையேறினாள்.

ஞானசேகரன் செல்லாண்டி கடையில்தான் இருந்தார். போன வருஷம் பார்த்த அதே கட்டம் போட்ட சட்டை. அவள் நேரே போய் எதிரில் நின்றாள். அவர் மரியாதையாக எழுந்து நின்று, "யாரைப் பாக்கணுங்க?" என்றார்.

"நான்தாங்க. தமயந்தி."

"எங்க வீட்டுக்காரி பேரும் அதேதாங்க" என்று அவர் சந்தோஷப்பட்டார். "வரேன்னு சொல்லிட்டுப் போயிருக்கா. வந்துருவா. சொன்னாச் சொன்னபடி நடக்கறவ."

அவள் கல்யாணத் தேதியைச் சொன்னாள், குடியிருக்கும் தெருவைச் சொன்னாள், அவர் தொடையில் இருக்கிற தழும்பைச் சொன்னாள். அவர் எல்லாவற்றுக்கும் தலையாட்டிவிட்டு, "அவ இப்படி இருக்கமாட்டாங்க. அவ ரொம்ப ஒடஞ்சு போயிருந்தா" என்றார். மகள் பெயரைக் கேட்டாள். அவர் நெற்றியைத் தேய்த்துக்கொண்டு, "நிறை... நிறைன்னு வரும். இந்தா நாக்குலதான் நிக்குது" என்றார். பஸ் அக்கா நிறுத்தத்திலிருந்து அவர்களையே பார்த்துக்கொண்டிருந்தாள்.

செல்லாண்டிதான் அவளைத் தனியே கூப்பிட்டுச் சொன்னார். "அவுகளுக்கு மூஞ்சி அடையாளம் தெரியாதும்மா. துக்கந்தான் அடையாளம். போன வருசம் நீங்க வந்தப்ப கண்ணு ரெண்டும் பழுத்துப் போயில்ல வந்தீக. இப்ப நல்லா இருக்கீக. அதான் தெரியல."

ஜெசிந்தா அதைக் கேட்டு அப்படியே படியில் உட்கார்ந்துவிட்டார். "உங்களைத் தேத்தி அனுப்பினது நான்தான் டீச்சர். என் வேலையே அதுதானே" என்றார், அவருக்கே அது சமாதானமாகப் படவில்லை.

ஆக, தமயந்தி அழ வேண்டும். கேட்பதற்குச் சுலபமாக இருக்கிறதல்லவா? அவள் தனியறையில் உட்கார்ந்து அந்தப் புதன்கிழமையை ஆதியோடந்தமாக நினைத்துப் பார்த்தாள், கொட்டாவி வந்தது. கூட வந்த ஆறு பேரும், அவர்களுக்கு இருந்த பாரம் போதாதென்று, அவளுக்கு உதவ வந்தார்கள். புதுக்கோட்டைக்கார அம்மா ஒருத்தி முழு ஒப்பாரி பாடினாள், பாடி முடித்ததும் அவளைத்தான் நான்கு பேர் தூக்கிவிட வேண்டியிருந்தது. வேலுத்தாய் ஒரு படி சின்ன வெங்காயத்தைக் கொண்டு வந்து கொட்டி, "உரிங்க டீச்சர், தாரை தாரையா வரும்" என்றாள். வந்தது. கன்னம் நனைய ஓடிப்போய் அவர் முன்னால் நின்றாள். அவர் பதறி, "வெங்காயம் உரிச்சீங்களா? மூஞ்சியத் தண்ணில கழுவுங்க, கைய மட்டும் கண்ணுல வெச்சுராதீங்க" என்றார்.

மூன்றாம் நாள் பத்தரை மணிக்கு மற்றவர்களுடைய இறந்தவர்கள் வந்தார்கள். புதுக்கோட்டை அம்மாவின் மகன் பலாமரத்தைத் தாண்டும்போதே தாயைக் கண்டுகொண்டு நடையை எட்டிப் போட்டான். தமயந்தி ஜன்னலில் நின்று பார்த்தாள். பொறாமையாக இருந்தது. செத்த பிள்ளையைக் கண்டுகொண்ட ஒரு தாயைப் பார்த்துப் பொறாமைப்படுகிற இடத்துக்கு வந்துவிட்டோமே என்று தன்னை வைதுகொண்டாள், அப்போதும் கண்ணீர் வரவில்லை.

ஐந்தாம் நாள் காலை, வேன் கிளம்ப நான்கு மணி நேரம் இருந்தபோது, அவள் அவருக்குப் பின்னாலேயே மேல் தொட்டிக்கு ஏறினாள். வேறு என்ன செய்வது என்று தெரியாமல்தான் ஏறினாள். அவர் இரண்டு கையாலும் வால்வைத் திருகினார். குழாய் இருமி, காற்றைத் துப்பி, பிறகு தண்ணீர் ஒரே சீராகக் கீழே இறங்கத் தொடங்கியது. தூரத்தில் குடங்கள் வைக்கிற சத்தம் கேட்டது. அவர் வால்வின் மேல் கையை வைத்தபடியே திரும்பினார்.

"நீங்க கரூர்ப் பக்கம்னு செல்லாண்டி சொன்னாப்ல. ஒரு உதவி பண்ணுவீங்களா?"

"சொல்லுங்க."

"எங்க வீட்டுல, சமையக்கட்டு போர்டுல மூணாவது சுவிட்சு ஷாக் அடிக்கும். ஈரக் கையோட தொட வேண்டாம்னு அவகிட்டச் சொல்லணும். ஞாயித்துக்கெழமை மாத்தித் தர்றேன்னு சொல்லியிருந்தேன். அதுக்குள்ள இப்படி ஆயிப்போச்சு."

அந்த ஞாயிற்றுக்கிழமையை அவர் நான்கு மாதமாகச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது தமயந்திக்கு நினைவு வந்தது, சிரிப்புகூட வந்தது. பொய் சொல்லத் தெரியாதவள். "அது மாத்தியாச்சுங்க" என்றாள்.

"யாரு மாத்துனா?"

"எலக்ட்ரீஷியன் வந்தாரு. வீடு முச்சூடும் புது வயர் போட்டாச்சு."

"ஓ" என்றார் அவர். "அவளா ஆளக் கூப்புட்டா? அவளுக்கு பியூஸ் போடவே தெரியாதுங்களே."

"இப்பத் தெரியும்."

அவர் தன் கைகளைப் பார்த்துக்கொண்டார். "நல்லதுதான்" என்றார். பிறகு திடீரென்று ஞாபகம் வந்தவராக, "நான் வாங்கி வெச்ச சுவிட்சு மேசை டிராயர்ல இருந்துச்சே. கவர்கூடப் பிரிக்கல. நல்ல சுவிட்சு, தேடிப் போயி வாங்குனது. அதையா எடுத்துப் போட்டான்?" என்று கேட்டார்.

எலக்ட்ரீஷியன் தன் சாமான்களைத் தானே கொண்டு வந்திருந்தான். தை பிறக்குமுன் வீட்டை ஒழித்தபோது அந்த டிராயரை அவள் திறந்தாள். திருப்புளி, பழைய ஹோல்டர், வயர்த் துண்டு, பிரிக்காத ஒரு சின்னக் கவர், எல்லாவற்றையும் அப்படியே கவிழ்த்துப் பழைய இரும்புக்காரனின் சாக்கில் கொட்டினாள். கவருக்குள் என்ன என்று பார்க்கவில்லை. அவர் மறக்கவில்லை, சாக்குப்போக்குச் சொல்லவில்லை, வாங்கி வந்து வைத்திருந்தார், அந்த ஞாயிற்றுக்கிழமை நிஜமாகவே மாற்றியிருப்பார். தமயந்தி பதில் சொல்ல வாயைத் திறந்தாள். வயிற்றின் அடியிலிருந்து ஒரு சத்தம் வந்தது, அது தன் குரல் என்றே அவளுக்குத் தெரியவில்லை, தொட்டிச் சுவரோரம் ஈர மண்ணில் உட்கார்ந்துவிட்டாள்.

"தமா?" என்றார் ஞானசேகரன். வால்வை விட்டுவிட்டு வந்து அவள் எதிரில் குந்தினார். "எப்ப வந்த?"

"இப்பதாங்க" என்றாள் அவள். "இப்பதான் வந்தேன்."

"முடியை என்ன பண்ணிட்ட?"

அவள் அழுதுகொண்டே தலையைத் தொட்டுப் பார்த்தாள். அவர் அதைப் பற்றி மேலே ஒன்றும் கேட்கவில்லை. வேறொன்று அவருக்கு இன்னும் தீரவில்லை.

"அந்த ஆளு எர்த் குடுத்தானா? நிறைய பேரு எர்த் குடுக்காமப் போயிடுவானுங்க."

"குடுத்தாரு. நான் நின்னு பாத்தேன்."

"அப்பச் சரி" என்றார். கைகளைச் சட்டையில் துடைத்துக்கொண்டு எழுந்தார். தொட்டிக்குப் பின்னாலிருந்து சோலைக்குள் போகிற பாதையில், சொல்லிக்கொள்ளாமல், திரும்பிப் பார்க்காமல், அடுத்த தெருவுக்கு ரீடிங் எடுக்கப் போகிறவர் போல ஏறிப் போனார். கூப்பிடக் கூடாது என்று தமயந்தி இரண்டு கையாலும் வாயைப் பொத்திக்கொண்டாள்.

ஆறு நாற்பதுக்கு நிற்க வேண்டிய தண்ணீர் அன்றைக்கு நிற்கவில்லை. குடங்கள் நிறைந்தன, அண்டாக்கள் நிறைந்தன, பிள்ளைகளைக் குளிப்பாட்டியாயிற்று, ஏழு மணிக்கும் குழாயில் தண்ணீர் அதே வேகத்தில் வந்துகொண்டிருந்தது. பெண்கள் ஒருவரையொருவர் பார்த்தார்கள். ஒரு வருஷத்தில் ஒரு நிமிஷம் பிசகாதவர் மூடவில்லை என்றால் என்ன அர்த்தம் என்று யாரும் யாருக்கும் சொல்ல வேண்டியிருக்கவில்லை. வேலுத்தாய் சேலையைத் தூக்கிச் செருகிக்கொண்டு முதலில் ஏறினாள், பின்னால் ஏழெட்டுப் பேர். ஒருத்தி வால்வைத் திருகி மூடினாள். மற்றவர்கள் தமயந்தியைச் சுற்றி உட்கார்ந்து, அவள் கழுத்தைக் கட்டிக்கொண்டு, தங்கள் ஊரில் ஒருவர் போய்விட்டார் என்று அழுதார்கள்.

அவளுக்கு முதல் நாளிலிருந்து எல்லாம் மறுபடி தொடங்கியிருந்தது. தூக்கம் போகும், சோறு இறங்காது, டீச்சர்கள் அறையில் பேச்சை நிறுத்திவிட்டு அவளைப் பார்ப்பார்கள். அங்கே இருந்த பெண்களில் ஒருத்தியும் எல்லாம் சரியாகிவிடும் என்று அவளிடம் சொல்லவில்லை. சொல்லியிருந்தால், சரியாவதற்கு இன்னும் கொஞ்ச நாள் போகட்டும் என்றிருப்பாள் தமயந்தி.